சொட்டு நின்ற வாசல்

வடக்குப்பட்டில் கம்பெனி பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு மணி நேரக் காலை ஷிப்ட்டு. இளையவள் எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்:

“வாசல்ல பைப்பு லீக்கை அடைச்சிட்டாங்கக்கா. அழுகையா வருது.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இன்னாடி இது! நீதானே பஞ்சாயத்துல கம்ப்ளெய்ண்ட் குடுத்த?”

“குடுத்தப்போ எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் ஒரே ஷிப்ட்டுக்கா. இப்ப அவருக்கு நைட்டு. நான் வர்றதுக்குள்ள கெளம்பிடுறாரு. லீவு கூட வேற வேற நாளு.”

“போன்ல பேசுறதுதானே?”

“நான் பிரேக்ல போன் எடுக்கும்போது அவரு தூங்கிக்கினு இருப்பாரு. எழுப்ப மனசு வரல.”

“சரி, அதுக்கும் பைப்புக்கும் இன்னா?”

“காலைல லீக்குக்குக் கீழ குடம் வெச்சிட்டு வருவேன். அவரு வந்து ரொம்பினதை உள்ள வெச்சிட்டு, போகும்போது இன்னொரு குடம் வெச்சிட்டுப் போவாரு. சாயங்காலம் அது ரொம்பி வழியறதப் பாத்தா, இப்பதான் வூட்ல இருந்துட்டுப் போன மாதிரி இருக்கும்.”

பஸ் ஒரகடம் மேம்பாலம் ஏறி இறங்கியது. அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

“இனிமே இன்னா பண்ணுவ?”

“இன்னிக்கும் குடத்த அங்கயே வெச்சிட்டுத்தான் வந்தேன். காலிக் குடந்தான். உள்ள எடுத்து வெக்கிறாரா பாக்கலாம்.”