ஒரே பாட்டு, இருபத்திரண்டு முறை

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் சோமசேகரம் ஐயா அவர்களே, துறைமுக வீதி வணிகப் பெருமக்களே, கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் அன்பு நேயர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தனஞ்சயனின் துணைவியார் தங்கச்சி புஷ்பவதி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

நான் பாயிஸ். நீலக்கரை எப்.எம். வானொலியின் விளம்பர முகாமையாளர். எங்கள் நிகழ்ச்சிப் பணிப்பாளர் தனஞ்சயனோடு பதினொரு ஆண்டுகள் சண்டை பிடித்தவன். இருபது நாட்களுக்கு முன் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனபோது, இனி யாரோடு சண்டை பிடிப்பேன் என்றுதான் முதலில் அழுதேன். அவரைப் புகழ என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் அவர் சரியாகச் சொன்னபோதெல்லாம் பிழை என்று சொன்னவன் நான் ஒருவன்தான். அதனால் இந்த ஒலிவாங்கிக்கு முன் நிற்கவேண்டியவனும் நான்தான்.

சபையோரே! மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘இடைவிடாத இசை’யைக் கொண்டுவந்தது யார்? தனஞ்சயனா? இல்லை, நான்! அறிவிப்பாளர் பேசத் தேவையில்லை, பாட்டுக்குப் பின் பாட்டு, நடுவில் விளம்பரம், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஆறே மாதத்தில் நேயர் கணிப்பில் மாவட்டத்திலேயே முதலிடம். தலைவர் கேக் வெட்டினார். தனஞ்சயன் ஒரு துண்டை வாயில் போட்டபடி கேட்டார்:

“பாயிஸ், ரேடியோ திறந்திருக்கெண்டு கணிப்புச் சொல்லுது. ஆரும் கேக்கினமோ?”

மனுசனுக்குப் பொறாமை என்று நினைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு துணிக்கடைக்காரர் தன் விளம்பரத்துக்குப் பொருத்தமான பாட்டைத் தேடி வந்திருந்தார். அவருக்காக ஒலிபரப்புக் கணினியிலேயே ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடும்படி அமர்த்தினேன். அதை மாற்ற மறந்து ஜும்ஆவுக்குப் போய்விட்டேன். தொழுது, சாப்பிட்டு, ஆறுதலாகத் திரும்பினால், அதே பாட்டு! பதினெட்டாவது முறை! கலையகத்தில் தனஞ்சயன் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் பாய்ந்து போனேன்.

“நிப்பாட்டாதேங்கோ பாயிஸ்,” என்றார். “ஆராவது எடுத்து ஏசுவினம். பாப்பம்.”

இருபத்திரண்டு முறை ஓடியது. யாராவது எடுத்தார்களா? ஒருவர்? ஒரே ஒருவர்? இல்லை! மாவட்டத்தில் முதலிடம் பிடித்த வானொலியை ஏசுவதற்குக்கூட ஆளில்லை. அவர் என்னைக் கைபிடித்து ஸைனுலாப்தீன் காக்காவின் தேநீர்க்கடைக்கு அழைத்துப் போனார். அங்கே எங்கள் வானொலிதான் அலறிக்கொண்டிருந்தது.

“காக்கா, இண்டைக்கு என்ன பாட்டுப் போச்சு?” என்று தனஞ்சயன் கேட்டார்.

“ஆருக்குத் தெரியும் தம்பி? கடைக்கு ஒரு சத்தம் வேணும். அவ்வளவுதான்!”

காக்கா பின்வரிசையில்தான் இருக்கிறார். சிரிக்கிறார். சிரியுங்கள் காக்கா, அன்று தனஞ்சயன் சிரிக்கவில்லை. தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தார்.

அடுத்த மாதம், இடைவிடாத இசைக்குப் பதிலாக, தனஞ்சயனின் ‘கேட்டவர் பாட்டு’ தொடங்கியது. நேயர் ஒருவர் அழைக்க வேண்டும். யாருக்காக, ஏன் அந்தப் பாட்டு என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதன் பிறகு பாட்டு முழுதாகப் போகும், வெட்டு இல்லை. முதல் நாள் மூன்று அழைப்புகள். அதில் இரண்டு பிழையான இலக்கம்! நான் கேலி செய்தேன். அவரோ அந்த இரண்டு பேரிடமும், “எடுத்ததுதான் எடுத்தியள், ஒரு பாட்டுக் கேளுங்கோவன்” என்று கெஞ்சினார்.

குறிஞ்சாக்கேணி றுக்கியா அழைத்த காலையை எப்படி மறப்பேன்? “யாருக்காக அம்மா?” என்று தனஞ்சயன் கேட்டார். பதில் இல்லை. வானொலியில் மூன்று விநாடி மௌனமே பெருங்குற்றம். பதினொரு விநாடி போனது. கலையகக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, பாட்டைப் போடுங்கள் என்று நான் கையை ஆட்டுகிறேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காத்திருந்தார்.

“எனக்குத்தான் சேர்,” என்றார் றுக்கியா. “எனக்கெண்டு ஒருத்தரும் பாட்டுக் கேட்டதில்ல.”

தனஞ்சயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் வெளியே போய் முகம் கழுவினேன். அந்த மனுசனை எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஆனால் அன்பர்களே, விளம்பரம் விற்பவனுக்குக் கண்ணீர் மட்டும் போதாது. போன வாரம் புதிய கணிப்பு வந்தது. நாங்கள் மூன்றாம் இடம். இரண்டு பெரிய விளம்பரதாரர்கள் விலகிவிட்டார்கள். மாத முடிவோடு பழைய இடைவிடாத இசைக்கே திரும்புவது என்று நிர்வாகம் யோசிக்கிறது. இதையெல்லாம் இரங்கல் கூட்டத்தில் சொல்லலாமா? தனஞ்சயனைப் பற்றிய கூட்டத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

செத்த வீட்டன்று தங்கச்சி புஷ்பவதி என்னிடம் கேட்டார்: “அண்ணா, அவற்ற நிகழ்ச்சி வெண்டிட்டுதோ?”

பந்தலில் கதிரை அடுக்கப் போவதுபோல் அன்று நழுவிவிட்டேன். இப்போது சொல்கிறேன். இல்லைத் தங்கச்சி. இன்னும் வெல்லவில்லை. உங்களுடைய மனத்துக்காக ஓம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பொய்யான வெற்றிக்கு நான் ஒருமுறை கேக் சாப்பிட்டுவிட்டேன்.

தலைவர் ஐயா, இந்தச் சபை முன்னே கேட்கிறேன். தைப்பொங்கல் வரை தவணை தாருங்கள். போன விளம்பரங்களை நான் கடை கடையாக ஏறி இறங்கித் திருப்பிக் கொண்டுவருகிறேன். அதற்கு ஏலாவிட்டால் என் கதிரையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, தனஞ்சயன் இருந்த இடத்தில் இருபது நாட்களாகக் கணினிதான் பாட்டுப் போடுகிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு அதை நிறுத்திவிட்டு அங்கே நான் உட்காருவேன். எனக்குக் குரல்வளம் இல்லை. ராகமும் தெரியாது. ஆனால் உங்களில் ஒருவர் அழைத்து, யாருக்காக என்று சொல்லும்வரை ஒரு பாட்டும் போடமாட்டேன். எத்தனை விநாடி ஆனாலும் சரி, காத்திருப்பேன்.