கூடாரத்துக்குள் இருபத்து நான்கு டிகிரி

வெயில் காலத்தில் வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு, மின்விசிறியை நம்புவது. விசிறி எதையும் குளிர வைக்காது. இருக்கிற சூட்டைக் கிளறிவிடும், அவ்வளவுதான். நான் இருபத்திரண்டு வருடமாக ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. ஓர் இடத்துச் சூட்டை எடுத்து இன்னோர் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் என் தொழில். எங்கே கொட்டுகிறாய் என்று இதுவரை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை. நீங்கள்தான் முதன்முதலாகக் கேட்கிறீர்கள். அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

என்னுடையது ஒரு செடிக் கூடாரம். பீரோ உயரத்தில் கறுப்புத் துணி, உட்புறம் கண்ணாடி போலப் பளபளக்கும், முன்னால் ஜிப், உச்சியில் ஒரு விளக்கு. உள்ளே ஏழு ஸ்ட்ராபெரிச் செடிகள். உங்கள் ஆட்கள் வேறு ஏதோ செடியை எதிர்பார்த்து வந்தார்கள் போலிருக்கிறது. இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தபோது அவர்கள் முகம் போன போக்கைக் கவனித்தேன். ஏமாற்றியதற்கு வருந்துகிறேன்.

ஸ்ட்ராபெரி ரோஷக்காரச் செடி. இருபத்தைந்து டிகிரியைத் தாண்டினால் பூவை உதிர்த்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்தால் கூடாரத்துக்குள் சூடு ஏறும், விளக்கு இல்லாவிட்டால் செடி வளராது. ஆகவே சக்கரம் வைத்த சின்ன ஏசி ஒன்றைக் கொண்டுவந்து கூடாரத்தோடு இணைத்தேன். அதன் முதுகில் துதிக்கை மாதிரி ஒரு குழாய் இருக்கும். சூடான காற்றெல்லாம் அதன் வழியாக வெளியே போக வேண்டும். கூடாரம் இருந்ததோ ஜன்னல் இல்லாத சாமான் அறையில். வெளிச்சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் வாடகைக்கு விடும்போதே கறாராகச் சொல்லியிருந்தார். அவர் வார்த்தையை நான் ஒருநாளும் மீறியதில்லை. பக்கத்து அறைக்கும் இதற்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து அறையில் மாமனார் இருந்தார்.

பஸ் டிப்போவில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தாறு. மாமியார் போன பிறகு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு சூட்கேஸோடு வந்தார். அந்த வாரத்துக்கு இரண்டு வருடம் ஆயிற்று. நல்ல மனிதர். செய்தித்தாளை உரக்கப் படிப்பார், விளம்பரம் உட்பட. கூடாரத்துக்கு அவர் வைத்த பெயர் தொட்டில். வேலை முடிந்து நான் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன மாப்பிள்ளை, தொட்டில்ல பிள்ளை தூங்குதா?" என்பார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. அவர் தமாஷுக்குத்தான் சொன்னார். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்தேன்.

முதல் பழம் பழுத்தது பதினான்காம் தேதி. நான் வருவதற்குள் அவர் அதைப் பறித்துச் சாப்பிட்டிருந்தார். "புளிக்குது மாப்பிள்ளை. இதுக்குப் போயி இவ்ளோ பாடா? கடையில வாங்கிக்கலாம்ல," என்றார். இது ஒரு விஷயமே இல்லை. நீங்கள் தேதி கேட்பதால் சொல்கிறேன். தடுப்பில் துளை போட்டது பதினாறாம் தேதி. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அதுவரை டிரில் மெஷின் வேலையிடத்தில் இருந்தது.

அலமாரிக்கு மேலே அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். காற்றோட்டத்துக்கு என்றேன். காற்று ஓடத்தான் செய்தது. அவர் அறைக்கு மேற்கு வெயில் நேராக அடிக்கும் என்பதால் ஜன்னலைத் தெர்மோகோல் வைத்து இடுக்கில்லாமல் அடைத்தும் கொடுத்தேன். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று மனைவியிடம் சொல்லி நெகிழ்ந்துபோனார்.

அந்த வாரமே மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பினாள். அப்பா சரியாகத் தண்ணீர் குடிக்க மாட்டார், பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாள். தினமும் காலையில் அவர் தலைமாட்டில் இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்தேன். மறந்ததே இல்லை.

மூன்றாம் நாள் அவர் அறை புழுங்குவதாகச் சொன்னார். வெயில் காலம் மாமா என்றேன். மறுநாளும் சொன்னார். வயதானவர்கள் சொல்லும் சூட்டுக்கு அளவுகோல் கிடையாது. ஆகவே சுவரில் ஒரு வெப்பமானி மாட்டினேன். என் கருவிப் பெட்டியில் ரொம்ப நாளாகக் கிடந்தது, முள் இருபத்தெட்டில் சிக்கிக்கொண்டது. அதன் பிறகு அவர் அறையைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டுத் தன் உடம்பைக் குறை சொல்ல ஆரம்பித்தார். மனைவி வீடியோவில் கூப்பிட்டபோது நான் போனைச் சுவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"இருபத்தெட்டுதானேப்பா காட்டுது, அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?" என்றாள் அவள்.

"எனக்குத்தாம்மா என்னவோ ஆயிடுச்சு," என்றார் அவர்.

சாமான் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். அவருக்குப் புரியும்படி விளக்கினேன். சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதன் நூறு வாட் பல்புக்குச் சமம், அவ்வளவு சூட்டை வெளியிடுவான், மூச்சில் வரும் ஈரத்தால் இலையில் பூஞ்சை வரும் என்றேன்.

"சரி மாப்பிள்ளை. பல்பு அதோட ரூமுக்கே போவுது," என்றார்.

அவருக்கு நகைச்சுவை உண்டு. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

ஆனால் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. மறுநாள் நான் திரும்பி வந்தபோது கூடாரத்தின் ஜிப் திறந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, தலையையும் தோளையும் உள்ளே நுழைத்து, பனியனோடு தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. நான்கு பூக்கள் அவர் கன்னத்துக்கு அடியில் நசுங்கியிருந்தன. கூடாரத்துக்குள் இருபத்தொன்பது டிகிரி. நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மெதுவாக எழுப்பி, கையைப் பிடித்து அவர் கட்டிலில் கொண்டுபோய் விட்டேன்.

அடுத்த நாள் வெளியே நாற்பத்து மூன்று. காலையில் சாமான் அறையைப் பூட்டினேன். மாமனார் அறைக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தேன். இல்லாவிட்டால் அங்கே கொட்டிய சூடு ஹால் வழியாகக் கூடாரத்துக்கே திரும்பி வரும். தொழில் தெரிந்த எவனும் இதைச் செய்வான். காற்று தள்ளித் திறந்துவிடும் என்பதால் வெளித்தாழ்ப்பாளையும் போட்டேன். அவர் போனை ஹாலில் சார்ஜுக்குப் போட்டிருந்தேன். அந்தச் சூட்டில் பேட்டரி வீங்கிவிடும்.

அன்று எனக்கு ஆறு வீட்டு வேலை. ஒரு வீட்டில் ஏசி ஓடவில்லை, படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். மற்ற ஐந்தையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் அங்கேதான் போனேன். என்னைப் பற்றி விசாரிப்பதானால் அந்த வீட்டிலும் விசாரியுங்கள்.

மாலை ஐந்து மணிக்குத் திரும்பினேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த காற்றை வைத்தே சொல்லிவிட்டேன், குழாயில் எங்கும் கசிவில்லை. மாமனார் கட்டிலில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாட்டில் இரண்டும் காலி. மனைவி சொன்னபடி தண்ணீர் குடித்திருக்கிறார்.

குழாயைக் கழற்றித் துளையை ஒரு காலண்டரால் மறைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வெப்பமானியை ஒரு தடவை பார்த்தார், வெளியே வெயிலை ஒரு தடவை பார்த்தார், வயசு என்றார். காரியங்கள் முறையாக நடந்தன. எல்லோருக்கும் நான்தான் நாற்காலி போட்டேன்.

ஐந்தாம் நாள் மனைவி அந்த வெப்பமானியைச் சுவரிலிருந்து கழற்றினாள். ஃபிரிட்ஜுக்குள் வைத்து எடுத்தாள். இருபத்தெட்டு. கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். இருபத்தெட்டு. காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு உங்கள் ஸ்டேஷனுக்கு போன் செய்தாள்.

நீங்கள் கேட்க மறந்த ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு சென்சார் வைத்திருந்தேன். ஒன்று கூடாரத்துக்குள், ஒன்று மாமனாரின் கட்டிலுக்கு மேலே. இரண்டும் என் போனில் தெரியும். அன்று பத்து மணிக்கு முதல் எண் இருபத்து நான்கு, இரண்டாவது நாற்பத்தொன்று. ஒரு மணிக்கு முதல் எண் இருபத்து நான்கு, இரண்டாவது நாற்பத்தெட்டு. அறைக்குள் இருப்பது யார், கதவு எந்தப் பக்கம் தாழிட்டிருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வர இருபது நிமிடம்தான் ஆகும். நான் ஏணி மேல் நின்றபடி மூன்று மணிவரை பார்த்தேன். ஐம்பத்திரண்டு. இரண்டாவது எண் ஏற ஏற முதல் எண் அசையாமல் நின்றது. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமான வேலை எனக்கு அமைந்ததில்லை.

எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மனைவி இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வெளியே வெயில் அதிகம், அதனால்தான் இருக்கும்.