பிலோமினாவின் வலக்கை

1978 ஜனவரியில், டெல்லி கிட்வாய் நகர் பஸ் நிறுத்தத்தில், பனிமூட்டத்தில் படி தெரியாமல் பிலோமினா விழுந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியது.

நாங்கள் இருவரும் தூத்துக்குடிக்காரிகள். ஒரே மருத்துவமனையில் நர்ஸ்கள். ஓர் அரசாங்கக் குமாஸ்தா வீட்டின் பின்னறையில் ஒன்றாகக் குடியிருந்தோம். அவளுக்கு வார்டில் வேலை, எனக்கு மாவுக்கட்டு அறையில். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. சுளுக்குதான், துணிக்கட்டுப் போட்டு நாளையிலிருந்தே விரல்களை அசைக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். விரிசல் இருக்கிறதாம் என்று நான் அவளிடம் சொல்லி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மாவுக்கட்டுப் போட்டேன். நல்ல கட்டு. என் கட்டுகளை யாரும் குறை சொன்னதில்லை.

குவைத்துக்கு வேலைக்குப் போனால் சேர்ந்துதான் போவது என்று பேசி வைத்திருந்தோம். முந்தைய ஆண்டு ஆள் எடுத்தபோது, "எங்கம்மைக்குச் சம்மதம் இல்லட்டி, அடுத்த வருசம் பாப்போம்" என்றாள். அவளுக்காக நானும் நின்றுவிட்டேன். அவள் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், கிறிஸ்துமஸ் முடிந்ததும், குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஆபீஸ் செல்வராஜ் கேண்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டான். "உங்க ரூம்மேட் இன்டர்வியூல பாஸாயிட்டாங்களே சிஸ்டர், இனி பிராக்டிகல் மட்டும்தான். ஸ்வீட் எங்க?"

அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவளாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். என் தட்டிலிருந்த மீனை எப்போதும்போல எடுத்துத் தின்றாள். சொல்லவில்லை. கட்டுப் போட்ட பிறகும், "எப்பட்டி பிரிப்ப?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூளை மருத்துவர் ஒருவர் எங்களுக்கு வகுப்பெடுத்தது நினைவுக்கு வந்தது. நல்ல கையாக இருந்தாலும் கொஞ்ச காலம் அசையாமல் வைத்தால் அதன் நேர்த்தி போய்விடும். குறை தசையில் மட்டும் இல்லை, மூளையும் அந்தக் கையைக் கணக்கில் எடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது என்றார். பயன்படுத்தினால் திரும்பிவிடும் என்றும் சொன்னார். ஆகவே நான் செய்ததில் நிரந்தரத் தீங்கு எதுவும் இல்லை. பயன்படுத்தவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

அதை அன்பாகத்தான் செய்தேன். சோறு பிசைந்து ஊட்டினேன், தலை வாரினேன், புடவை கட்டிவிட்டேன். "மூக்கு சொறியவும் ஆள் வெச்சிருக்கேன், மகாராணிட்டி நான்" என்று அவள் சிரிப்பாள். வீட்டுக்காரர் மனைவி கோவிந்தம்மாள் வாசலில் நின்று, "இப்படி ஒரு சிநேகிதி கெடைச்சா நான் ரெண்டு கையையும் ஒடிச்சிக்குவேன்" என்பாள்.

கட்டைப் பிரித்தபோது கை மெலிந்திருந்தது. அவள் பொத்தான் ஒன்றைப் போடப் பார்த்தாள். விரல்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"வேற யார் கையோ மாதிரி இருக்குட்டி புஷ்பம். பயிற்சி பண்ண வேண்டாமா?"

"விரிசல் இன்னும் சரியாக் கூடலையாம், டாக்டர் சொன்னாரு. ஜல்தி என்ன?"

அவளும் நர்ஸ்தான். ஆனால் படுத்த நர்ஸ் நோயாளிதான். டாக்டர் சொன்னார் என்றால் போதும். கையைக் கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கக் கட்டிவிட்டேன். வலக்கை தானாக டம்ளரை நோக்கிப் போனால், முந்திக்கொண்டு நானே எடுத்து அவள் வாயருகே வைப்பேன். சில நாளில் அந்தக் கை எதை நோக்கியும் போகவில்லை.

மார்ச்சில் என்னிடம் சொல்லாமல் அவள் பிராக்டிகலுக்குப் போனாள். நரம்பில் ஊசி ஏற்றச் சொன்னார்களாம். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை சிரிஞ்ச் கீழே விழுந்து உடைந்தது. வீட்டுக்கு வந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். "ஒன்ன விட்டுட்டுப் போகப் பாத்தேன்ல, அதான் மாதா தண்டிச்சிட்டா" என்று அழுதாள். நான் மன்னித்தேன். பிரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். பணத்துக்கோ வெளிநாட்டுக்கோ ஆசைப்பட்டு அல்ல.

அந்த இடம் காலியாக இருப்பதாகவும், உடனே ஆள் வேண்டும் என்றும் செல்வராஜ் வந்து சொன்னான். சரி என்றேன்.

ஏப்ரலில் பாலம் விமான நிலையத்துக்கு என் பெட்டியைப் பிலோமினா இடக்கையால் தூக்கி வந்தாள். வலக்கையை இன்னும் சில மாதம் அசைக்காமல் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.