பதினான்கு தொட்டில்களும் அமராவதி தையலகமும்

1986ஆம் ஆண்டு டிசம்பர் 22, திங்கட்கிழமை. விடியற்காலையிலிருந்து மழை. ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பால் எடுக்க முடியாததால் தாய்மார்கள் லயத்து வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஆயாக் கொட்டகையில் இன்று பிள்ளைகள் இல்லை. நெடுநாள்களுக்குப் பிறகு உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

என் பெயர் அமராவதி, வயது அறுபத்திரண்டு. மலேசியாவில் கோலசிலாங்கூருக்கு வடக்கே உள்ள இந்த ரப்பர்த் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அதன்பின், தாய்மார்கள் வேலை முடிந்து வரும்வரை அவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பகுதிநேர வேலை. அதை விட்டால் குடியிருக்கும் வீட்டையும் விட வேண்டும். தோட்டத்து வழக்கம் அது.

சென்ற ஆண்டு வானொலியில் ஒருவர், பெண்கள் சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்று பேசினார். அவர் பேசிவிட்டுப் போய்விட்டார், நான் தொடங்கிவிட்டேன். ‘அமராவதி தையலகம், பள்ளிச் சீருடை நிபுணர்’ என்று பலகை எழுதி மாட்டினேன். பலகை கதவைவிடப் பெரிதாக அமைந்துவிட்டது. முதலாளி, தையற்காரி, காஜா எடுப்பவள், புகார் கேட்பவள் எல்லாரும் நானே. தாமதமாக வந்ததற்காக அந்தத் தையற்காரியை இருமுறை கண்டித்திருக்கிறேன்.

“என்னா டீச்சரம்மா, பலக விழுந்தா வீடும் சேந்து விழுந்துரும் போலருக்கே?” என்றார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி முருகையா.

அன்று மாலை மேலும் நான்கு ஆணிகள் அடித்தேன்.

நான்கு பள்ளிகளிலிருந்து சீருடை தைக்கச் சொன்னார்கள். மாலை நேரம் மட்டும் போதவில்லை. தையல் இயந்திரத்தைக் கொட்டகைக்கு மாற்றினேன். அதன் சத்தத்தில் ஒரு பிள்ளை விழித்தால் எல்லாம் விழித்தன. நாற்பது மாணவர்களை ஒரே பார்வையில் அடக்கியவள் நான். பல் முளைக்காத பதினான்கு பேர் அந்தப் பார்வையைச் சிறிதும் மதிக்கவில்லை.

அலமாரியில் சளி மருந்து இருந்தது. சளி பிடித்த பிள்ளை ஒன்று அதைக் குடித்துவிட்டு நண்பகல்வரை தூங்கியது. மறுநாள் சளி பிடிக்காத ஒரு பிள்ளைக்கும் கொடுத்துப் பார்த்தேன். எதிலும் ஒரு முறை வேண்டும் என்பவள் நான். ஒரு வாரத்துக்குள், காலை ஆறு மணிக்கு எல்லாருக்கும் ஒரு தேக்கரண்டி என்று முறைப்படுத்திவிட்டேன்.

அதன்பின் கொட்டகை சிறப்பாக நடந்தது. ஒருநாள் பார்வையிட வந்த, தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். தொழிலும் வேலையும் ஒன்றையொன்று கெடுக்காமல் நடத்தத் தெரிந்தவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மெச்சுவதற்கு அமராவதி தையலகத்தில் வேறு ஆள் இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை. செல்லனின் மனைவி காளியம்மா, எட்டு மாதப் பிள்ளை லெட்சுமியைக் கொண்டுவந்தாள்.

“ராத்திரி பூரா சளியில அழுதுச்சு டீச்சரம்மா. இப்பதான் தூங்குது. எழுப்பிறாதீங்க.”

எழுப்பத் தேவையே இருக்கவில்லை. ஆனால் முறை என்பது எல்லாருக்கும் பொது. ஆறு மணிக்கு மடியில் கிடத்திக் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்குக் காலர் ஒன்றைத் தைத்து முடித்துவிட்டுத் தொட்டில்களைப் பார்த்தேன். லெட்சுமி குளிர்ந்திருந்தாள்.

மூச்சடைப்பு என்று எழுதிப் புதைத்தார்கள். ஆனால் விடியுமுன் தான் வீட்டில் சளி மருந்து கொடுத்ததாகக் காளியம்மாவே எல்லாரிடமும் சொல்லி அழுதாள்.

“ஒரே கரண்டிதான் குடுத்தேன். நாந்தான் கொன்னுட்டேனா டீச்சரம்மா?”

“அளவு பார்த்துக் கொடுத்திருக்கணும் அம்மா” என்றேன். அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை என்று வீடு திரும்பும் வழியில் சரிபார்த்துக்கொண்டேன்.

தண்ணீர்க் குழாயடியில் அவளுடைய மாமியார் ஊர் கேட்கச் சொன்னாள்: “பெத்த புள்ளைக்கே வெசம் வச்சவ! மிச்சம் இருக்கறதையும் அவ கையில குடுக்கவா?”

மிச்சம் இருப்பது மூன்று வயது மகன். நேற்று செல்லன் என்னிடம் வந்தான்.

“நீங்க படிச்சவங்க டீச்சரம்மா. ஒரு கரண்டி மருந்துல புள்ள சாவுமா? சாவாதுன்னு சொல்லுங்க, அவள வச்சிக்கிறேன். இல்லன்னா சனிக்கெழம சுங்கை புரோங்குல அவ அம்மா வூட்ல வுட்டுட்டு வந்துர்றேன். பையன் எங்கிட்டதான் இருப்பான்.”

மருந்து விஷயம் எனக்குத் தெரியாது என்றேன். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

நான் கல் நெஞ்சக்காரி அல்லேன். பிள்ளைகளை அன்பாகவே வைத்திருந்தேன். ஒருவர் சட்டையிலும் எச்சில் கறை இருந்ததில்லை. வீட்டில் மருந்து கொடுத்ததைக் காளியம்மா முன்பே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். தைக்க வேண்டியது நிறைய இருந்தது.

ஆகவே எழுதுகிறேன். லெட்சுமியைக் கொன்றவள் நான், காளியம்மா அல்லள். ஒரு தேக்கரண்டியைத் தாங்கியிருப்பாள், இரண்டாவது என்னுடையது. நன்றாக யோசித்து எடுத்த முடிவு வருமாறு: ஜனவரி மூன்றாம் தேதி சீருடைகளைப் பள்ளிகளில் ஒப்படைப்பேன். ஐந்தாம் தேதி இந்தத் தாளைப் போலீஸ் நிலையத்தில் கொடுப்பேன். காளியம்மா இந்தச் சனிக்கிழமையே மகனை விட்டுப் போக வேண்டியிருக்கும். அதற்குமுன் கொடுக்க வேலை இடம் தரவில்லை. நாளை பதின்மூன்று பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு அளவை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்திருக்கிறேன்.