மூக்கு என்றே போட்டேன்

எங்கள் சுரங்க ஊரான பொதோசியில் மூக்கில் ரத்தம் வடிந்தால் யாரும் பதறுவதில்லை. மலை உயரம், காய்ந்த காற்று. துணியால் அழுத்திக்கொண்டு வேலையைப் பார்ப்போம். வெளியூர் டாக்டர்கள்தான் குதிப்பார்கள்.

சுரங்கத் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் நோய்க்குக் குறியீடு போடுவது என் வேலை. டாக்டர் எழுதியதைப் படித்து, அந்த நோய்க்கு உரிய எண்ணைக் கணினியில் ஏற்ற வேண்டும். மூக்கில் ரத்தம் என்றால் ஒரு எண், இருமலில் ரத்தம் என்றால் வேறு எண். இருமல் எண் விழுந்தவனை மறுநாளே சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். நெஞ்சைப் படம் பிடிப்பார்கள். அவன் வெட்டிக்கொண்டிருந்த இடத்தைக் கூட்டுறவுச் சங்கம் அடுத்தவனுக்குக் கொடுத்துவிடும்.

முதலில் கேட்டவன் பக்கத்து வீட்டு செவெரோ. "அக்கா, மூக்குன்னே போட்டுடுங்க. எடம் போச்சுன்னா புள்ளைங்க வாயில மண்ணுதான்." போட்டேன். சிரித்துக்கொண்டே போனான்.

பிறகு கேட்காதவர்களுக்கும் போட்டேன். ஒவ்வொருவனும் வந்து என்னிடம் கெஞ்ச வேண்டுமா என்ன? கூச்சப்படுகிறார்கள் என்று நானே புரிந்துகொண்டேன். சங்கத் தலைவர் கார்னவல் திருவிழாவுக்கு லாமாக் கிடா இறைச்சி அனுப்பினார். அதற்காக நான் செய்யவில்லை.

டாக்டர் ரொமினா சின்னப் பெண், சமவெளிக்காரி. இருமல் என்றுதானே எழுதினேன் என்று ஒருநாள் வந்து நின்றாள். பொறுமையாக விளக்கினேன். இந்த ஆண்கள் நாள் முழுக்கக் கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கி, வாயை மூடி, மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். காய்ந்த மூக்கு வெடித்து ரத்தம் தொண்டைக்குள் இறங்குகிறது. அதையே பிறகு இருமித் துப்புகிறார்கள். "ஊர்க்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டாள். அதன்பின் அவளே மூக்கு என்று எழுத ஆரம்பித்தாள். அவள் கை எழுதியதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன், ஐயா?

செவெரோவின் மனைவி பசிலியா ஒரு காலையில் துண்டோடு வந்தாள். நுரை நுரையாக, பளிச்சென்ற சிவப்பு.

"அக்கா, இது மூக்கு ரத்தமா? பொய் சொல்லாதீங்க."

மூக்குதான், போய் அவனுக்குச் சூப் வைத்துக் கொடு என்றேன். அந்த வாரமே அவனைப் புதைத்தோம். நான் மனசார அழுதேன். படித்த டாக்டருக்கே தெரியாதபோது, எண் போடுகிறவளுக்கு எங்கே தெரியும்?

அவனைப்போல் எத்தனை பேர் என்று விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்கிறீர்கள். நான் எண்ணவில்லை. கணினியில் இருக்கும், பாருங்கள். எல்லோரையும் சுரங்கம்தான் கொன்றது. நான் அவர்களுக்குக் கொஞ்ச நாள் கூடுதலாகக் கூலி வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

என் மகன் வில்மரும் உள்ளே இறங்கியவன்தான். போன வருஷம் அவன் இருமித் துப்பியதைப் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரி பக்கமே அவனை விடவில்லை. அன்றைக்கே பஸ் ஏற்றி சுக்ரே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இப்போது தேறிவிட்டான், கடை வைத்திருக்கிறான். அன்று அங்கே டாக்டர் எழுதப் பேனாவை எடுத்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூக்கு இல்லைங்க டாக்டர், நெஞ்சுலேர்ந்து வருது. பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சிடும்."