எட்டாம் எண் வண்டிக்கு இடது பக்கம்தான் காயம்

மேடையில் அமர்ந்திருக்கும் பழைய பந்தய வண்டிகள் சங்கத்தின் தலைவர் அவர்களே, அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் புரவலர் அவர்களே, சரிபார்ப்புக் குழுவின் பெரியவர்களே, முன்வரிசையில் அழுது கண் வீங்கிப்போயிருக்கும் என் அண்ணி அவர்களே, அண்ணியின் பக்கத்தில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும், எட்டாம் எண் வண்டியை அந்தக் காலத்து மலைப்பந்தயத்தில் ஓட்டி வென்ற, பட்டறையில் நாங்கள் எல்லோரும் அம்மா என்றே கூப்பிடும் பெரியவர் அவர்களே, பட்டறைத் தோழர்களே! எல்லோருக்கும் வணக்கம். வணக்கம் சொல்வதில் நான் பாரபட்சம் பார்ப்பதில்லை. மற்றதைப் பேசும்போது பார்ப்பேன்.

மேடை ஏறும்போது செயலாளர் என் காதில், "சுருக்கமா பேசுங்கம்மா, நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். நல்லதாகத்தான் சொல்லப்போகிறேன். யாருக்கு நல்லது என்பதைக் கேட்டு முடித்தபின் நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மறைந்த நம் துருக்காரர் சீர்செய்த வண்டிகளுக்கெல்லாம் இருக்கை தைத்தவள் நான். கூடப் பிறக்காவிட்டாலும் அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தங்கச்சி. துருக்காரர் என்று ஏன் பெயர் வந்தது? எந்த வண்டி வந்தாலும், தான் பார்த்து முடிக்கும்வரை அதிலிருக்கும் துருவைத் தேய்க்க யாரையும் விடமாட்டார். ஒவ்வொரு நெளிவையும் தடவிப் பார்த்து, "இது பந்தயத்துல பட்டதா, வீட்ல பட்டதா?" என்று கேட்பார். வீட்டில் பட்ட அடியைச் சரிசெய்வார். பந்தயத்தில் பட்ட அடியைத் தொடமாட்டார், யாரையும் தொடவிடமாட்டார். "அதையும் தட்டி நிமித்திட்டா அப்புறம் அது எந்த வண்டின்னு எப்படித் தெரியும்?" என்பார். பளபளவென்று ஆக்கித் தரச் சொன்ன ஒரு பணக்காரரிடம், "உங்களுக்கு வண்டி வேணாம், கண்ணாடிதான் வேணும். கடைத்தெருவுல கிடைக்கும், போங்க" என்று சாவியை நீட்டியவர் அவர். அடக்கமான மனிதர் என்று எனக்கு முன் பேசியவர் சொன்னார். யாரைச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. என் அண்ணன் பட்டறையில் போடும் சத்தத்துக்குப் பக்கத்து அச்சகத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

இப்போது எனக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பெரிய படத்தைப் பாருங்கள். சிவப்பு வண்டி, அதன்மேல் எட்டாம் எண், அதன் முகப்பில் என் அண்ணனின் கை. கீழே 'சங்கத்தின் பெருமை' என்று அச்சடித்திருக்கிறீர்கள். இந்தப் படம் எப்போது எடுத்தது தெரியுமா? புரவலர் அந்த வண்டியைக் கொண்டுவந்து, மலைப்பந்தயத்தில் வென்ற எட்டாம் எண் வண்டி இதுதான் என்று நிறுத்திய அன்று எடுத்தது. அண்ணன் ஆசீர்வாதம் செய்வது போலத் தெரிகிறதா? குனிந்து புகைக்குழாயைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த எஞ்சினுக்குப் புகை வலது பக்கம்தான் வெளியே வரும். இந்த வண்டியிலோ குழாயை அடிவழியாக வளைத்து இடது பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். நிமிர்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இது அந்த வண்டி இல்ல." அதைச் சொன்ன மனிதரின் இரங்கல் கூட்டத்தில், அந்த வண்டியோடேயே அவரை நிறுத்திப் படம் மாட்டியிருக்கிறீர்கள்.

அன்று சரிபார்ப்புக் குழு என்ன கேட்டது? "அப்ப நிஜ வண்டி எங்கே?" என்று கேலியாகக் கேட்டது. அவர் தேடிப் போனார். பழைய இரும்புக் கடைகளில் விசாரித்து விசாரித்து, கடைசியில் ஒரு செடி விற்கும் தோட்டத்தில் போய் நின்றார். அங்கே எட்டாம் எண் வண்டியின் உடல், சக்கரம் இல்லாமல், மண் நிரப்பி, ரோஜாச் செடி நட்டு, வேலியோரம் கிடந்தது. "இந்தத் தொட்டியைக் கொடுங்க" என்றிருக்கிறார். தோட்டக்காரர், "சார், செடி வேணுமா, தொட்டி வேணுமா?" என்று கேட்டாராம். "தொட்டிதான். ரோஜாவை நீங்களே வெச்சுக்குங்க." பைத்தியம் என்று நினைத்துத்தான் அவர் கொடுத்திருக்கிறார். அந்த உடலை விற்றவரைப் பிடித்து விசாரித்ததில் எஞ்சினும் கிடைத்தது. ஒரு மர அறுவைப் பட்டறையில் ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்தது.

மண்ணைக் கையாலேயே அள்ளிக் கொட்டியவர், எனக்குப் போன் செய்தார். "தங்கச்சி, ஒட்டுத் தகடு இருக்கு. கோணல்மாணலா ஆணி அடிச்சது அப்படியே இருக்கு. ஆனா இடது பக்கத்துல இருக்கு. சங்கத்துல மாட்டியிருக்கிற படத்துல வலது பக்கம். பைத்தியம் பிடிச்சது எனக்கா, படத்துக்கா?"

இந்த மண்டபத்து வாசலில் மாட்டியிருக்கும் அந்தப் பழைய பத்திரிகைப் படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பந்தயத்தில் சுற்றுச்சுவரில் மோதி, அம்மாவின் கணவர் அவசரமாக ஒட்டுத் தகடு அடித்துக் கொடுக்க, மறுபடி ஓடி வென்ற வண்டி. சுற்றிலும் கூட்டம் நிற்கிறது. நாங்கள் இருவரும் அதன் முன்னால் போய் நின்றோம். அவர் வண்டியைப் பார்த்தார். நான் துணி தைக்கிறவள், சட்டைகளைப் பார்த்தேன். படத்தில் இருக்கும் அத்தனை ஆண்களுக்கும் சட்டைப்பை வலது பக்கம் இருந்தது. "அண்ணே, ஒருத்தன் மாத்தித் தெச்சிருக்கலாம். ஊரே சேர்ந்தா மாத்தித் தெச்சுப் போட்டுக்கிட்டு வரும்?" என்றேன். அவர் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்தார்.

படத்தை அச்சடித்தவர்கள் இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். ஒற்றை இருக்கை வண்டி, ஸ்டியரிங் நடுவில். எட்டு என்ற எண்ணைத் திருப்பிப் போட்டாலும் எட்டுதான். அதனால் யாருக்கும் தெரியவில்லை. இடம் வலம் மாறி அச்சான அந்தப் படத்தைப் பார்த்து, புரவலரின் வண்டியைத் தயார்செய்தவர்கள் வேறொரு நல்ல வண்டியின் வலது பக்கத் தகட்டை வெட்டிக் காயம் உண்டாக்கியிருக்கிறார்கள். படத்தில் அந்தப் பக்கம் குழாய் தெரியவில்லை என்பதற்காகக் குழாயையும் இடம் மாற்றியிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் இதற்குத்தான் நீங்கள் சான்றிதழ் கொடுத்தீர்கள்.

சட்டைப்பையைக் காட்டினோம். குழு என்ன சொன்னது? "அந்தக் காலத்து நாகரிகமா இருக்கலாம்" என்றது. அம்மாவை அழைத்து வந்தோம். அம்மா என்ன சொன்னார்? "அன்னிக்குச் சுவத்துல மோதின தழும்பு எனக்கு இடது முழங்கால்லதாம்பா இருக்கு. வேணும்னா பாத்துக்க." எண்பது தாண்டியவர், ஆண்கள் நிறைந்த அறையில் சேலையை விலக்கிக் காலை நீட்டினார். அதற்கும் ஒருவர், பெயர் சொல்லவில்லை, மேடையில்தான் இருக்கிறார், வாய் கூசாமல், "வயசானா இடது வலது மறந்துபோறது சகஜம்" என்றார். காலில் இருக்கும் தழும்பா இடம் மாறும்? அம்மா கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். என் அண்ணன் அன்று முதல் முறையாகச் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த மாதமே, சங்கத்துக்கு இழுக்கு உண்டாக்கினார் என்று அவரை நீக்கினீர்கள். இன்று அவரை 'நம் சங்கத்தின் தூண்' என்கிறீர்கள். தூணையா பிடுங்கி வெளியே எறிந்தீர்கள்?

அவர் வேலையை விடவில்லை. எஞ்சினை வண்டியில் பொருத்துமுன் பட்டறையில் சோதனை மேடைமேல் தனியாக வைத்து ஓட்டிச் சரிபார்த்தார். ஒட்டுத் தகட்டில் ஒரு ஆணியைக்கூட மாற்றவில்லை. அம்மா திருப்பங்களில் இடது பக்கம் சாய்வார் என்று, இருக்கையில் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தித் தைக்கச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் அவரே ஓட்டிப் பார்த்திருக்கலாம் அல்லவா? மாட்டேன் என்றுவிட்டார். "முதல் தடவை அம்மாதான் ஸ்டார்ட் பண்ணணும். அவங்க சொன்னதை அத்தனை பேர் முன்னாடி பொய்யின்னு சொன்னாங்க. அத்தனை பேர் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணணும்" என்றார். அதற்காகக் காத்திருந்தார். போன வாரம், அந்த வண்டியின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அண்ணி காபி எடுத்துக்கொண்டு வந்தபோது கை இடது பக்கத் தகட்டின்மேல் இருந்ததாம்.

இதுதான் நான் சொல்ல வந்தது. இனி கேட்க வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மலைப்பாதை ஓட்டம். அதில் எட்டாம் எண்ணைப் புரவலரின் வண்டிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நாங்களும் வருவோம். நான், வெல்டர் தம்பி, பட்டறையில் மிச்சம் இருக்கும் எல்லோரும், அம்மாவோடு, அதே எண்ணோடு வந்து தொடக்கக் கோட்டில் நிற்போம். தடுக்கிறவர்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தடுங்கள். அண்ணன் கைவைத்துச் சொன்ன ஒரு வண்டியைக்கூட நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். இது அவர் ஸ்டூலின்மேல் ஆணை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்தது ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. வேண்டாம் ஐயா. மௌனத்தை அவர் உயிரோடு இருக்கும்போதே நீங்கள் செலுத்திவிட்டீர்கள். வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம், பெட்ரோல் ஊற்றியாகிவிட்டது. அண்ணி, அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். மற்றவர்கள் வழி விடுங்கள். எஞ்சின் சத்தம் கேட்டதும் எழுந்து நில்லுங்கள்.