கர்ப்பூரம் பிடித்த கை

தேநீருக்குச் சீனி கொஞ்சம் காணாது, ரஷ்மிப் பிள்ளை. குறை சொல்லவில்லை, பொலிஸ் நிலையத்தில் இதைத் தருவதே பெரிய விஷயம். நான் சொல்வதை இந்த அதிகாரிக்கு ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லும். திருநாவுக்கரசு என்ற என் பெயரையும் முழுதாகவே சொல்லும், இங்கே எல்லாரும் அதை வெட்டிவிடுகிறார்கள்.

இங்கே மாசி என்கிற ஊருக்கு அப்பால் இருக்கிற அந்தத் திராட்சைத் தோட்டம் என் மாமனார் கதிர்காமநாதன் உண்டாக்கியது. வயது போன ஒரு குரோஷியரிடம் காணியை வாங்கி, வைன் வடிக்கவும் அவரிடமே பழகினார். மாமா போனபின் மகன் யசீகரன் முதலாளி. கொடி வெட்டுவதும் வைன் வடிப்பதும் நான். வீட்டோடு மாப்பிள்ளை என்று சனம் சிரித்தது. சிரிக்கட்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறவன் நான்.

மாமாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வைனை வடித்தபின் டேங்கின் அடியில் திராட்சைச் சக்கை கிடக்கும், ஆள் இறங்கித்தான் பிடி நீண்ட இரும்புச் சவளால் அள்ள வேண்டும். புளித்த சக்கையிலிருந்து கிளம்பும் வாயு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆளை முடித்துவிடும். அதனால் நீண்ட கரண்டியில் கர்ப்பூரம் கொளுத்தி, "வைரவரே" என்று உள்ளே இறக்குவார். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் காற்றாடியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாயு பார்க்கக் கருவி விற்கிறார்கள்தான், எங்கள் வீட்டில் கர்ப்பூரம்தான். பிடிக்கிறவன் சொல்லை இறங்குகிறவன் நம்புவான்.

இந்த அறுவடையோடு காணியை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கப்போவதாக யசீகரன் சொன்னான். மாமா நட்ட கொடிகளை இயந்திரம் வந்து பிடுங்குமாம்.

"பிள்ளையளுக்கு இதில விருப்பமில்லை, அத்தான். நீங்களும் இனி ஓய்வா இருங்கோவன்" என்றான்.

நாளைக்கு டேங்க் துப்புரவாக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சத்தம் போடுகிறவனால் ஒரு காரியமும் ஆகாது.

மறுநாள் காலை நானும் அவனும் டேங்க் துப்புரவாக்கப் போனோம். கர்ப்பூரத்தை நான் பிடித்தேன். உள்ளே இறக்கியதும் அணைந்துவிட்டது. அவன் குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

"எரியுது மச்சான், இறங்கு" என்றேன்.

இறங்கினான். சவளைக் கேட்டுக் கை நீட்டும்போதே முழங்கால் மடிந்தது. ஆனால் திடமான உடம்பு. எப்படியோ ஏணியில் தொற்றி, டேங்கின் விளிம்பைப் பிடித்துவிட்டான். என்னைத்தான் பார்த்தான், தூக்கிவிடுவேன் என்று. நான் சவளின் முதுகால் அவன் விரல்களில் அடித்தேன். விடவில்லை. எலும்பு நொறுங்கும் மட்டும் அடித்தேன், பிறகு மண்டையில் ஒன்று. சக்கைக்குள் முகம் புதைந்து கொஞ்ச நேரம் காலை உதறினான். அது அடங்கியபின்தான் ஆட்களைக் கூப்பிட்டுக் கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.

ஏன் பிள்ளை நிறுத்திவிட்டீர்? சொல்லும்.

செத்தவீட்டில் என் மனைவி இராசமலர் தம்பிக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டு, அவன் கையைத் தடவிப் பார்த்தாள்.

"மயங்கி விழுந்தவனுக்கு விரல் ஏனப்பா நசிஞ்சது?" என்று கேட்டாள்.

அவள் நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். அதில் எனக்குக் கோபமில்லை, கூடப்பிறந்தவள் அல்லவா.

இப்போது அவளும் காணியை விற்கப்போகிறேன் என்கிறாளாம். பாவம், துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது. இவ்வளவும் அந்தக் குடும்பத்துக்காகத்தான் செய்தேன் என்று அவளுக்கு ஒருநாள் விளங்கும். பிள்ளை, என்னை ஒரு காலைப்பொழுது வீட்டுக்கு விட முடியுமா என்று இவரிடம் கேளும். இரண்டாவது டேங்க் துப்புரவாக்காமல் கிடக்கிறது. சக்கை அள்ள இராசமலருக்கும் தெரியும். கர்ப்பூரத்தை நான் பிடிக்கிறேன்.